தப்பிய மீனின் வளர்ச்சி விகிதம்: மாதனூர் வட்டாரக் கோடைத் தூண்டில் குறித்த முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தண்ணீரில் இருக்கும் மீன் இரை எடுத்தால் வளரும். குழம்புச் சட்டிக்குப் போன மீன் அத்தோடு நிற்கும். மீனியல் இதுவரை ஒப்புக்கொண்ட நிலைகள் இந்த இரண்டுதான். மூன்றாவது நிலை ஒன்றும் இருக்கிறது. தூண்டிலில் மாட்டி, தண்ணீருக்கு மேலே பளிச்சென்று முகம் காட்டி, கரைக்கு வருமுன் முள்ளை உதறிவிட்டுப் போன மீன் அது. இரை தின்னாமல் வளர்கிறது. ஏரி வற்றினாலும் வளர்கிறது. தவறவிட்டவருக்கு நரை விழுந்த பிறகு இன்னும் வேகமாக வளர்கிறது.

திருப்பத்தூர் மாவட்டம் மாதனூரில், நெடுஞ்சாலையோரத்து டீக்கடை எதிலாவது உட்கார்ந்து, ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம், “சின்ன வயசுல மே மாசம் ஏரிக்குப் போயிருக்கீங்களா?” என்று கேட்டுப் பார்க்கலாம். டீ ஆறுவதற்குள் அவருடைய இடது கை போய் வலது முழங்கையைத் தொட்டு நிற்கும். விரல்நுனியிலிருந்து அந்த இடம் வரைக்கும்தான் மீன். கேட்டவர் புருவத்தை உயர்த்தினால் கை இன்னும் கொஞ்சம் மேலே ஏறும்.

இவ்வளவு பரவலான ஓர் உயிரியல் நிகழ்வு அறிஞர் கண்ணில் படாமல் போனது வியப்பு. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘இந்திய மீன்கள்’ என்ற நூலில் நம் ஆறு குளத்து மீன்களைச் செதில் எண்ணி, துடுப்பு முள் எண்ணிப் பதிவுசெய்தார். தப்பிய மீனுக்கு அந்த முறை ஒத்துவராது. எண்ணும்வரை அது நிற்பதில்லை. சென்னை மாகாண சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஏரிகளில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887-இல் தனி நூல் வெளியிட்டார். துரை தாமும் தூண்டில்காரர் என்பதால், இந்த விஷயத்தில் அவரை நடுநிலைச் சாட்சியாக ஏற்பதற்கில்லை. ஆகவே ஆய்வை அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

2. ஆய்வுக் களம்

மாதனூர், ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, சென்னை–பெங்களூரு சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். ஆற்றைத் தாண்டினால் குடியாத்தம் போகும் வழி. தெற்கே திரும்பினால் ஒடுகத்தூரும் ஜவ்வாது மலையும். 2019 நவம்பர் 28 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. அன்றிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மீன்கள் பக்கம் இதனால் எந்த மாற்றமும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. நீளத்தில் பெரும்பங்கு நமக்கு. தண்ணீரில் அந்தக் கணக்கு செல்லாது. ஆண்டில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் இந்த ஆற்றில் தூண்டில் போடுவது நம்பிக்கை சார்ந்த செயல். அதனால் ஆற்றங்கரையில் பிறந்த பையன்கள்கூட மீனுக்கு ஏரியைத்தான் நாடினார்கள். மலையில் பெய்வது ஓடையாகி, வரத்துக்கால்வாய் வழியாக ஏரிக்கு வரும். ஏரி நிரம்பினால் வழிந்து கோடி போகும். கோடி போன தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், மீன்களோடு.

களத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள ஒரு நிகழ்ச்சி உதவும். 2019 ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குக் குடிநீர் ரயில் புறப்பட்டது. 50 டேங்கர் வேகன்கள், ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர், அத்தனையும் காவிரித் தண்ணீர். ஆற்றில் போகவேண்டிய பொருள் பாலாற்றுப் பள்ளத்தாக்கு நெடுகத் தண்டவாளத்தில் போனது. காவிரிக்குச் சென்னைவரை டிக்கெட் கிடைத்த அதே நாளில் பாலாறு தன் ஊரிலேயே தண்ணீரில்லாமல் கிடந்தது.

3. பருவம்

மீன்பிடிப் பருவத்தை நிர்ணயிப்பவை இரண்டு: வடகிழக்குப் பருவமழை, முழு ஆண்டுத் தேர்வு. அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்வது ஏரியில் நிற்கிறது. அடுத்த நாலைந்து மாதத்தில் மதகு வழியாக வயலுக்கும், வெயில் வழியாக வானத்துக்கும் போய்விடுகிறது. ஏப்ரல் கடைசியில் ஏரி சுருங்கி, மீன்களெல்லாம் பள்ளமான இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சரியாக அந்த வாரத்தில் பள்ளிக்கூடம் மூடும். தண்ணீரில் மீனின் அடர்த்தியும் கரையில் பையன்களின் அடர்த்தியும் ஒரே சமயத்தில் உச்சம் தொடுகின்றன. பள்ளிக்கல்வித் துறை இதைத் திட்டமிட்டுச் செய்ததற்குச் சான்று இல்லை.

தென்மாவட்டங்களில் இதே தருணத்துக்குத் திருவிழா வைத்துவிட்டார்கள். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது நாள் குறித்து, கரையில் வெள்ளைத் துணியை வீசி அனுமதி கொடுத்ததும் ஊரே ஊத்தாவும் கச்சாவலையுமாக இறங்கும். மாதனூர்ப் பக்கத்துப் பையன்களுக்கு அப்படி ஊர்கூடிக் கொடுக்கும் உத்தரவு கிடையாது. அவர்கள் உத்தரவில்லாமல் போனார்கள்.

நேரம் பற்றி ஒரு முரண். வெப்பநீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதால், வெயில் காலத்தில் மீன் சுறுசுறுப்பாக இரை தேடுவது காலையிலும் மாலையிலும்தான். வேலூர் வட்டாரத்து மே மாத உச்சிவெயில் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அப்போது எந்த மீனும் புழுவைத் திரும்பிப் பார்க்காது. ஆனால் பையன்கள் ஏரிக்குப் போனது உச்சிவெயிலில். காரணம் மீனியலில் இல்லை. அம்மாக்கள் அந்த நேரத்தில்தான் தூங்கினார்கள்.

4. கருவிகள்

ஜப்பானின் ஒகினாவா தீவில் சகிதாரி என்ற குகையில், கடல் நத்தை ஓட்டில் செதுக்கிய தூண்டில் முட்கள் கிடைத்தன. வயது சுமார் 23,000 ஆண்டுகள். உலகில் இதுவரை கிடைத்த மிகப் பழைய தூண்டில் முட்களில் அவை அடங்கும் என்று 2016-இல் அறிவித்தார்கள். மாதனூர்ப் பையன்களின் முதல் முள்ளான குண்டூசியை வடிவமைப்பில் அவற்றோடு தாராளமாக ஒப்பிடலாம்: இரண்டிலும் எதிர்முள் இல்லை. முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாகக் கிளம்பும் அந்தச் சின்ன எதிர்முள்தான் மாட்டிய மீனைக் கழலவிடாமல் பிடிக்கிறது. வளைத்த குண்டூசியில் அது கிடையாது. தூண்டில் நரம்பு கொஞ்சம் தளர்ந்தாலே மீன் போய்விடும். இக்கட்டுரையின் ஆய்வுப்பொருளான தப்பிய மீன்களில் கணிசமானவை குண்டூசியின் கொடை.

கடையில் காசு கொடுத்து முள் வாங்கும் வயது வந்ததும் வேறு குழப்பம் காத்திருக்கும். தூண்டில் முள்ளில் எண் ஏற ஏற முள் சிறுக்கும். பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். பெரிய மீனுக்கு ஆசைப்பட்டுப் பெரிய எண்ணாகக் கேட்டு வாங்கியவன், கெண்டைப்பொடி பிடிக்கும் முள்ளோடு வீடு திரும்பினான்.

மற்றவை உள்ளூர் வளம். கழி மூங்கில், கிடைக்காவிட்டால் நொச்சி. நரம்பு நைலான். தக்கைக்கு மற்ற ஊர்களில் நெட்டித் தண்டும் மயிலிறகுக் காம்பும் தேடுவார்கள். ஆம்பூரும் பேர்ணாம்பட்டும் வாணியம்பாடியும் ஊருக்கெல்லாம் செருப்பும் ஷூவும் செய்து அனுப்பும் இடங்கள். இங்கே மிதக்கும் பொருளுக்குப் பஞ்சமில்லை. தேய்ந்த ஹவாய் செருப்பின் குதிகாலில் நாலு தக்கை வெட்டலாம். தேயாத செருப்பிலும் வெட்டலாம் என்று கண்டுபிடித்தவர்கள் அன்றிரவு வீட்டில் வாங்கியது ஆய்வு எல்லைக்கு வெளியே இருக்கிறது.

இரையில் மண்புழுதான் முதலிடம். குளிக்கிற தண்ணீர் போய் விழும் வாழையடியில் கொத்தினால் கிடைக்கும். புழுவைத் தொட அருவருப்பவர்களுக்கு மைதா உருண்டை. பரோட்டாக் கடை உள்ளவர் வீட்டுப் பிள்ளைக்குக் கரையில் தனி மரியாதை. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் வயலோரத்து மாமரத்திலிருந்து உதிரும் பழத்தை வாளைமீன் கவ்வுகிறது. ஆலங்குடி வங்கனார் பாடியது. இலக்கியச் சான்று இவ்வளவு தெளிவாக இருந்தும் மே மாதத்தில் மாம்பழத்தை முள்ளில் குத்திப் பார்த்தவர் எவரும் ஆய்வுக்கு அகப்படவில்லை. பழம் கரையிலேயே தீர்ந்திருக்கலாம்.

திருவள்ளுவரும் தூண்டிலைத் தொட்டிருக்கிறார், சூது அதிகாரத்தின் முதல் குறளில். சூதில் கிடைக்கும் வெற்றி, மீன் விழுங்கும் தூண்டில் முள்ளைப் போன்றது என்பது அவர் கட்சி. மீனின் தரப்பிலிருந்து பேசிய முதல் தமிழ் அறிஞர் என்று அவரைக் கொள்ளலாம். முள் கழன்றுபோகும் வாய்ப்பை அவர் கணக்கில் எடுக்கவில்லை; அவர் காலத்தில் குண்டூசி இல்லை.

5. பேச்சு விலக்கு விதி

“பேசாதடா, மீனு ஓடிடும்.” ஏரிக்கரையின் முதல் சட்டம் இதுதான். மீறியவனுக்குப் புழு எடுக்கும் வேலை தண்டனை. அறிவியல் இந்தச் சட்டத்தைப் பாதி ஆதரிக்கிறது, பாதி தள்ளுபடி செய்கிறது.

மீனுக்குக் காது கேட்கும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் நன்றாகவே கேட்கும். அவற்றின் காற்றுப்பையை உட்காதோடு இணைக்கும் சிற்றெலும்புகளை ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் 1820-இல் விவரித்தார். இன்றும் அவை அவர் பெயரில்தான் வழங்குகின்றன. ஆஸ்திரியாவின் கார்ல் ஃபான் ஃபிரிஷ் கண்ணில்லாத கெளுத்தி ஒன்றைப் பழக்கி, விசிலடித்தால் வெளியே வரவைத்து, 1923-இல் அதைப் பற்றி எழுதினார். தேனீக்களின் நடனத்தைப் படித்துச் சொன்னதற்காக 1973-இல் நோபல் பரிசு வாங்கியவர் இவர்தான். ஆக, கரையில் விசிலடித்து உதை வாங்கிய பையன்கள் ஒருவகையில் காலத்துக்கு முந்தியவர்கள்.

ஆனால் காற்றில் எழும் ஒலி நீர்ப்பரப்பில் மோதியதும் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே இறங்கும். கரையில் காதோடு காதாகப் பேசியதால் எந்த மீனும் ஓடியிருக்காது. மண்கரையில் திடுதிடுவென்று ஓடும் கால்களின் அதிர்வு அப்படியில்லை. அது தரை வழியாகத் தண்ணீருக்குப் போகும், உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் மீன் அதை உணரும். எனவே பல ஆண்டுகளுக்கு முன் வழங்கிய தீர்ப்புகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. பேசியவன் விடுதலை. “மாட்டிச்சா? மாட்டிச்சா?” என்று ஓடிவந்தவன்தான் குற்றவாளி.

6. உரிமைச் சிக்கல்

இந்த மீன்பிடிப்பு சட்டப்படியானதா என்ற கேள்வியை ஆய்வு தவிர்க்க முடியாது. தவிர்க்கத்தான் விரும்பியது.

ஏரி மீனுக்கு எப்போதும் ஒரு சொந்தக்காரர் இருந்திருக்கிறார். மீன் பிடிக்கும் உரிமைக்கு வாங்கிய பாசிப்பாட்டத்தைக் கல்வெட்டுகள் பேசுகின்றன. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதியைச் சொல்கின்றன. 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு. இவற்றோடு, முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவருடைய உறவினரும் வரக்கூடாது, சிற்றன்னை பெரியன்னை மக்கள்வரை. நிலமும் மனையும் இல்லாத பத்து வயதுக்காரனுக்கு முதல் மூன்றிலேயே வாய்ப்பில்லை. வயதை மன்னித்தாலும் கடைசி விதியில் மாட்டுவான்: பிடித்த மீனுக்கு ஒழுங்காகக் கணக்குக் காட்டாத பெரியம்மா மகன் எல்லார் வீட்டிலும் உண்டு.

இன்று அதற்குப் பெயர் மீன்பாசி ஏலம். ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுவார். குஞ்சு காசு கொடுத்தால் கிடைப்பதற்கு ஒரு வங்காளியைச் சொல்லவேண்டும். ஓடும் ஆற்றில் மட்டுமே முட்டையிடும் இந்தப் பெருங்கெண்டைகளுக்கு, இன்னொரு மீனின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டு, ஒரிசாவின் அங்குலில் 1957 ஜூலை 10 அன்று முட்டையிட வைத்தார் ஹீராலால் சௌதுரி. தேசிய மீன் விவசாயிகள் தினம் அந்த நாளில்தான் வருகிறது. அதன்பிறகு ஏரி மீனுக்கு முதலீடு வந்தது, முதலீட்டுக்குக் காவல்காரர் வந்தார், காவல்காரருக்கு சைக்கிள் வந்தது. தொலைவில் சைக்கிள் தெரிந்ததும் கழியை நாணலுக்குள் செருகிவிட்டு ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மாதிரி நிற்பதும் ஒரு மீன்பிடித் திறன்தான். அப்போது நரம்பின் மறுமுனையில் மாட்டியிருந்த மீன் சாவகாசமாகக் கழற்றிக்கொண்டு போகும். தப்பிய மீன்களின் இரண்டாவது பெரிய பிரிவு இது.

மழை கொட்டி ஏரி கோடி போகும் வருஷத்தில் ஏலம் எடுத்தவரின் மீனே மொத்தமாகத் தப்பும். கோடியில் வலை கட்டி மறித்தாலும் ஒரு பகுதி போய்விடும். அவர் தப்பிய மீனை முழத்தில் அளப்பதில்லை, லட்சத்தில் அளக்கிறார். அதுவும் ஆண்டுதோறும் வளர்கிறது.

7. மீன்களும் அவற்றின் உயர் வரம்பும்

சாட்சியங்களைச் சோதிக்க அளவுகோல் வேண்டும். பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். ஒரு முழத்துக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, மீனியல் பதிவு செய்திருக்கும் உச்ச நீளங்களோடு ஒப்பிடலாம்.

கெண்டை: ஏரியில் துள்ளும் சின்னக் கெண்டை வகைகள் ஒரு சாணை எட்டினாலே பெரிது. “முழம் நீளக் கெண்டை” என்பது, ஏலம் எடுத்தவர் விட்ட கட்லாவாக இருந்தாலொழிய, தள்ளுபடி.

பனையேறி: உச்சம் 25 சென்டிமீட்டர். ஆனால் இந்த மீனின் பெருமை நீளத்தில் இல்லை. டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் லெப்டினன்ட் டால்டார்ஃப், 1791 நவம்பரில் தரங்கம்பாடியில், குளத்தோரத்துப் பனைமரத்தில் நீருக்கு ஐந்தடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயச் சங்கம் அதை வெளியிட்டது. செவுள்மூடி முள்ளை ஊன்றித் தரையில் நகரும், காற்றைச் சுவாசிக்கும் என்பது உறுதியான செய்தி. பனை ஏறியது பற்றி அறிஞர்கள் இன்னும் தயங்குகிறார்கள். மாதனூர் மாமா ஒருவர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். லெப்டினன்ட் சொன்னதால் அச்சேறியது.

தேளி: சுமார் 30 சென்டிமீட்டர். பக்கத்துடுப்பு முள்ளில் விஷம். குத்தினால் கடுக்கும் கடுப்பில் பெரியவர்களும் அழுவார்கள். விஷம் வெப்பத்தில் சிதையும் என்பதால், தாங்கக்கூடிய சுடுநீரில் கையை வைப்பதுதான் இன்றைய முதலுதவி. தேளி குத்தியவர்கள் மீனின் அளவைச் சொல்வதில்லை, வலியின் அளவைச் சொல்கிறார்கள். இந்தத் தரவு நம்பகமானது.

விரால்: ஒரு மீட்டர்வரை பதிவாகியிருக்கிறது. எனவே முழம், ஒன்றரை முழம் என்று சொல்பவரைச் சட்டென்று பொய்யர் என்றுவிட முடியாது. செந்நிறக் குஞ்சுக்கூட்டம் நீர்மட்டத்தில் நகர்ந்தால் கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும் என்பது பையன்களுக்குத் தெரிந்த பாடம். பாடப்புத்தகத்தில் வராத பாடம் என்பதால் மறக்கவுமில்லை.

ஜிலேபி: பையன்களின் பையை நிரப்பிய மீன். ஊர் மீன் போலப் பழகினாலும் இது வெளிநாட்டுக்காரர். ஜெர்மன் இயற்கையியலாளர் பீட்டர்ஸ் மொசாம்பிக்கிலிருந்து கொண்டுபோய் 1852-இல் பெயர் வைத்தார். சரியாக நூறாண்டு கழித்து 1952-இல் இந்தியாவுக்கு வந்தது, மண்டபத்தில் இறங்கியது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். பிடித்த ஜிலேபியின் வாயிலிருந்து குஞ்சுகள் கொட்டியதைப் பார்த்து அப்படியே தண்ணீரில் விட்ட பையன்களும் இருந்தார்கள். அவற்றைத் தப்பிய மீன் கணக்கில் சேர்க்கலாமா என்பது தனி விவாதம். உச்ச நீளம் 39 சென்டிமீட்டர். நெருக்கமான ஏரியில் கைவிரல் அளவிலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும்.

வீட்டில் ஜிலேபி மீது வைத்த குற்றச்சாட்டு மண்வாடை. ஏரிப் பாசிகளும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அதற்குக் காரணம். மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையும் அதுவே. புளிப்பில் அது சிதையும். உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, கெட்டியான புளிக்கரைசலில் மாங்காய்க் கீற்றோடு கொதிக்கவைத்த அம்மா, வேதியியலை ஏரிக்குப் போனதற்கான வசவோடு சேர்த்தே பரிமாறினார்.

8. வளர்ச்சி விதிகள்

மேற்படி தரவுகளிலிருந்து நான்கு விதிகள் பெறப்படுகின்றன.

முதல் விதி: தப்பிய மீன் கேட்பவரின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளரும். தனியாகச் சொல்லும்போது சாண். கல்யாணப் பந்தியில் முழம்.

இரண்டாம் விதி: கூட இருந்த சாட்சி வெளியூர் போய்விட்டால் வளர்ச்சி வேகம் கூடும். வளைகுடாவுக்குப் போயிருந்தால் வரம்பே கிடையாது. ஊருக்கு வந்த சாட்சியும் மறுப்பதில்லை. தன் மீனையும் சேர்த்து வளர்ப்பார்.

மூன்றாம் விதி: மீன் வளரும்போது முள் மாறாது. ஒன்றரை முழ விராலைப் பிடித்ததும் அதே குண்டூசிதான். முள்ளையும் பெரிதாக்கினால் சாமர்த்தியம் குறைந்துவிடும்.

நான்காம் விதி: முந்தைய அளவை யாராவது எடுத்துக்காட்டினால் மீன் இரண்டாகப் பிரியும். இதற்குக் களத்தில் அடிக்கடி கேட்கும் உரையாடலே சான்று.

“இன்னா மாமா, போன தபா சாணுன்னு சொன்னியே?”

“அது வேற மீனுடா. அது காலைல. இது சாயங்காலம்.”

9. எதிர்வாதம்

இதுவரை வந்த போக்கில் கட்டுரையை முடித்தால் மாமாக்கள் எல்லாரும் மிகையுரைப்பவர்கள் என்று தீர்ப்பாகிவிடும். ஆனால் மீனியலிலிருந்தே எதிர்சாட்சி ஒன்று வருகிறது.

டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-இல் ஒரே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதன்முதலில் பார்த்த கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன் எவ்வளவு மீன் இருந்தது என்பது கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. ஆகவே பழைய ஆட்களின் கதைகளைக் கதையென்று ஒதுக்காதீர்கள் என்றார். 2009-இல் லோரன் மெக்ளனகன் அதைப் படம் காட்டி நிறுவினார். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கீ வெஸ்ட் துறைமுகத்தில், சுற்றுலாப் படகில் போய்த் திரும்பியவர்கள் பிடித்த மீனோடு எடுத்துக்கொண்ட பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்து மீன்களை அளந்தார். 1956-இல் மீனின் சராசரி எடை 19.9 கிலோ. 2007-இல் 2.3 கிலோ. இரண்டு காலத்துப் படங்களிலும் ஆட்கள் வெற்றிக்களிப்போடுதான் நிற்கிறார்கள்.

மாதனூர் ஏரிக்கரையில் புகைப்படக்காரர் நின்றதில்லை. இங்கே இருக்கும் ஒரே ஆவணம் மாமாவின் முழங்கை. அவர் வளர்ந்த காலத்துக்கும் பேரன் வளரும் காலத்துக்கும் நடுவே இந்த வட்டாரத் தண்ணீருக்கு என்ன ஆனது என்பதற்கோ அச்சடித்த சாட்சியம் தாராளமாக இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்றும் அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றதற்கு, சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைத்தான் படிக்கிறார்கள். 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே வட்டாரத்துத் தோல் கழிவு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்தவர்கள் இப்போது தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள். கழுவும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு போகும். உப்புநீரில் எந்த மீன் தாக்குப்பிடிக்கும்? கடல்நீரிலேயே வாழ வல்லது ஜிலேபி. பனையேறியும் சின்னக் கெண்டைகளும் குறைந்து, ‘ஏரி மீன்’ என்றாலே ஜிலேபியும் ஏலத்துக் கட்லாவும் என்றாகிப் போனதற்கு உப்பு ஒரு காரணமாக இருக்கலாம். பூச்சிமருந்து, தூர்ந்த வரத்துக்கால்வாய், ஜிலேபியே மற்ற மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்வது ஆகியவற்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், மாமா சொல்லும் பட்டியலில் மீனின் நீளம் கூடியிருக்கிறது, மீனின் பெயர்கள் கூடவில்லை. அவர் ஆரால் மீன் பிடித்தேன் என்றால் ஆரால் இருந்திருக்கிறது. முழத்தில் கழிவு போட்டுக்கொள்ளலாம். பெயரில் போட வேண்டியதில்லை.

தண்ணீர் திரும்பி வந்த வருஷமும் உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் மாதனூர் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. ஏரிகள் கோடி போயின. அந்த ஆண்டு பத்து வயதிலிருந்தவர்கள் பாலாற்றைத் தண்ணீரோடு பார்த்தார்கள். அவர்களுடைய தப்பிய மீன்கள் 2050 வாக்கில் எந்த அளவில் இருக்கும் என்பதைக் கணிக்க, இக்கட்டுரையின் நான்கு விதிகள் போதும்.

10. மேலாய்வுக்கான பரிந்துரைகள்

அ. ஐம்பது வயதைக் கடந்த தூண்டில்காரர்களிடம் நீளத்தைக் கேட்காமல் பெயரைக் கேட்டு, ஏரிவாரியாக எழுதி வைக்க வேண்டும். கேள்வி கேட்பவர் டீக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

ஆ. பேசியதற்காகப் புழு எடுக்கும் தண்டனை பெற்றவர்களுக்கு இழப்பீடு பரிசீலிக்கப்பட வேண்டும். தண்டித்தவரே செலவை ஏற்க வேண்டும். 1996 தீர்ப்பு முன்னுதாரணம்.

இ. மாம்பழ இரை குறித்துக் களச்சோதனை நடத்த வேண்டும். பழத்தை முள்ளில் குத்தும்வரை மேற்பார்வையாளர் அருகில் இருப்பது அவசியம்.

ஈ. ஆய்வு உதவியாளர்கள் தேவை. வயது 10 முதல் 14. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். மண் அள்ளிய பள்ளங்கள் ஏரிக்குள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும். அம்மாவின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். அவர் தூங்கும்போது பெற்ற ஒப்புதல் செல்லாது. ஏலம் எடுத்தவரிடமும் சொல்லிவிடுவது நல்லது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏரி மதகருகே நேர்காணல். சொந்தக் குண்டூசி அனுமதி இல்லை. மண்புழுவோடு வருபவர்களுக்கு முன்னுரிமை.